தலைமையாசிரியர் மாறினால் பள்ளி மாறுமா? ஒரு தோட்டப் பள்ளியை வைத்துக் கேட்கிறேன்

#1 கித்தாக்காட்டான்

வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானிலிருந்து உள்ளே அரை மணி நேர ஓட்டம். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் போய் இப்போது சுற்றிலும் செம்பனைதான். லயத்தில் பாதி வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மாட்கள் முக்கால்வாசிப் பேர் டவுன் பக்கம் மலிவு வீட்டுக்கு வந்துவிட்டோம். தமிழ்ப்பள்ளி மட்டும் அங்கேயே, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், நான் படித்த அதே கட்டடத்தில் இருக்கிறது. இப்போது 27 பிள்ளைகள். மூத்தவள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். சின்னவனை அடுத்த வருஷம் முதலாம் ஆண்டில் போட வேண்டும். வீட்டுக்காரி டவுன் பள்ளி என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மூத்தவள் சேர்ந்ததிலிருந்து மூன்று தலைமையாசிரியர்களைப் பார்த்துவிட்டோம். முதலில் இருந்தவர் சுறுசுறுப்பானவர். பள்ளி வாசலுக்கு வளைவு, மீன் குளம், சுவரில் திருவள்ளுவர், பாரதியார். அதிகாரிகள் வந்தால் குளத்துப் பக்கம்தான் போட்டோ. அந்த வருஷக் கடைசியில் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாய்ச் சொன்னாள். படத்தைக் கையால் மறைத்தேன், வாய் மூடிக்கொண்டது. 'பட்டம்' என்ற சொல்லைக்கூட எழுத்துக்கூட்டத் தெரியவில்லை.

இரண்டாமவர் வந்தபோது ஓய்வுக்குப் பதினொரு மாதம்தான் மிச்சம். யாரையும் திட்டவில்லை, வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. கோப்புகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவதாக ஓர் அம்மா வந்தார். வந்த முதல் வாரம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். 27 பேர்தானே, இரண்டு நாளில் முடிந்தது. எந்தப் பிள்ளை எழுத்தில் நிற்கிறது, எது சொல்லில், எது வாக்கியத்தில் என்று ஒரு மணிலா அட்டையில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினார். காலைச் சபைகூடலைப் பத்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் பள்ளி முழுவதும் வாசிப்பு. ரொம்பவும் பின்தங்கிய ஆறு பிள்ளைகளை அவரே எடுத்துக்கொண்டார், அதில் என் மகளும் ஒருத்தி. ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது பாட்டிக்குக் கண் தெரியாது என்று பேப்பர் வாசித்துக் காட்டுகிறாள்.

ஆசிரியர்கள் அதே ஆட்கள், கட்டடமும் அதேதான். குளத்தில் மீன்தான் குறைந்துவிட்டது. ஓர் ஆள் மாறினால் இவ்வளவு மாறுமா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? அவரும் மாற்றலாகிப் போய்விட்டால்?

#2 மூவர்_அம்மா

தம்பி, சந்தோஷமான சேதிதான். ஆனா எல்லாத்தையும் தலைமையாசிரியர் தலையில கட்டாதீங்க. உங்க மகளுக்குப் பாட்டி உக்காந்து கேக்குறாங்க. எத்தனை வீட்டுல அப்படி இருக்கு? எங்க பள்ளியில பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போன தடவை ஒம்பது பேர் வந்தோம், அதுல மூணு பேர் பொறுப்பாளருங்க. போன் இருந்தா பிள்ளை சத்தம் போடாதுன்னு கொடுத்துட்டு, வாசிக்கலைன்னா பள்ளிக்கூடத்தைத் திட்டுறோம். வீடு சரியில்லாட்டி எந்த குரு பெசார் (தலைமையாசிரியர்) வந்தாலும் ஒண்ணும் ஆகாது.

#3 லோரி_அண்ணன்

மூவர் அம்மா சொல்றது சரி. ஆனா கித்தாக்காட்டான் வீட்டுல பாட்டி முன்னாடியும் இருந்தாங்கதானே? அப்ப ஏன் பிள்ளை வாசிக்கல?

என் மகன் படிச்ச பள்ளியில ஒரு குரு பெசார் இருந்தாரு. காலையில 7 மணிக்கு கேட்டுல நிப்பாரு. பிள்ளைங்க சட்டையைப் பாக்க இல்ல, ஆசிரியர் கார் எத்தனை மணிக்கு நுழையுதுன்னு பாக்க! அதுக்கப்புறம் ரூமுக்குள்ள போயிட்டா 1 மணி வரைக்கும் ஏர்கோன். அதுக்குப் பேரும் நிர்வாகம்தான்.

#4 பழைய_ஜிபிகே

முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி, ஜிபிகே, அதாவது துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

கித்தாக்காட்டானுக்குத் தெரிவது பிரமை இல்லை. கனடாவின் கென்னத் லீத்வுட் குழு 2004-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பள்ளிக்குள் இருக்கும் காரணங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பாதிப்பதில் வகுப்பறைக் கற்பித்தல் முதலிடம், தலைமைத்துவம் அதற்கு அடுத்தது என்றார்கள். நொடித்துக் கிடக்கும் பள்ளிகளில்தான் அதன் பலன் மிகவும் கூடுதலாகத் தெரியும் என்றும் சொன்னார்கள். 27 பிள்ளைகள் உள்ள பள்ளியில் அது பளிச்சென்று தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எந்த மாதிரித் தலைமை? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் கூட்டாளிகளும் 2008-ல் வேறொரு கணக்கைப் போட்டார்கள். கனவைச் சொல்லி ஊக்கமூட்டும் தலைமை ஒரு பக்கம், கற்பித்தலில் நேரடியாக இறங்கும் தலைமை இன்னொரு பக்கம். பின்னதன் பலன் மூன்று நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. அதிலும் முதலில் நின்றது, ஆசிரியர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைமையாசிரியரும் உடன் உட்கார்ந்து கற்பது. நம் ஊரில் பயிற்சிப் பட்டறை என்றால் தலைமையாசிரியர் திறந்து வைத்து, படம் பிடித்துக்கொண்டு, தேநீர் வேளையில் மறைந்துவிடுவார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று, வெளியில் யாரும் கவனிக்காதது: கால அட்டவணை. எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு என்று முடிவு செய்வதுதான் ஒரு தலைமையாசிரியரின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு இருந்த காலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? இருப்பதிலேயே கெட்டிக்கார ஆசிரியரை ஆறாம் ஆண்டுக்கு. முதலாம் ஆண்டுக்கு யார் மிச்சமோ அவர், சில வருஷம் தற்காலிக ஆசிரியர். எழுத்துக்கூட்ட வேண்டிய வயதில் பிள்ளையை விட்டுவிட்டு, ஆறாம் ஆண்டில் இரவு வகுப்பு வைத்து இழுத்தோம். அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019-ல். 2020-ல் கோவிட்டால் ரத்து, 2021-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். பல பள்ளிகளில் பழைய அட்டவணைப் புத்தி மட்டும் போகவில்லை.

மூவர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. வீடு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை நாம் நியமிக்க முடியாது. தலைமையாசிரியரை ஒருவர் கையெழுத்துப் போட்டு நியமிக்கிறார். கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

#5 வாரியத்தான்

நான் ஒரு பள்ளியின் மேலாளர் வாரியத்தில் எட்டு வருஷமாக இருக்கிறேன். எங்கள் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி. புரியாதவர்களுக்கு: ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது, நிலமோ தோட்டக் கம்பெனியுடையது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது வாரியத்தின் பாடு. 1996 கல்விச் சட்டத்தின் கீழ் இந்த மாதிரிப் பள்ளிக்கு வாரியம் இருந்தாக வேண்டும். சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஊரில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் திறப்பு விழா மேடையில் எத்தனை நாற்காலி என்பதுதான்.

ஜிபிகே சார் தன் குறையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். ஒரு வருஷம் நன்கொடை நன்றாக வந்தது. நாங்கள் வாங்கியது ஒரு பெரிய திரைப் பலகை. தொட்டால் எழுதும். அப்போது பெண் பிள்ளைகள் கழிவறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பிள்ளை போய் வரும். ஐந்தாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வராமல் இருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. வருகைப் பதிவைப் பார்த்துக் காரணத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தது புதிதாக வந்த தலைமையாசிரியர். என்னிடம் வந்து, "ஐயா, பலகை அப்புறம், எனக்கு நாலு தாழ்ப்பாள் வேணும்" என்றார். முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) முடிந்தது.

அந்த மனிதருக்கும் எங்கள் தலைவருக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு கதை. மண்டபச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் வந்த சண்டை. சிரிக்காதீர்கள். மழை பெய்தால் திடலில் உடற்கல்வி நடக்காது, மண்டபம் பூட்டிக் கிடக்கும், சாவி தலைவர் வீட்டில். தலைவர் ஈப்போவில். வாரியமும் தலைமையாசிரியரும் முறைத்துக்கொண்டால் அடிபடுவது யார் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

#6 லோரி_அண்ணன்

வாரியத்தாரே, நான் சிரிக்கல. எங்க ஊருல சாவி இருக்கு, மண்டபம்தான் இல்ல.

#7 கெடா_டீச்சர்

ஆசிரியர் பக்கம் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். கெடாவில் பிறந்து வளர்ந்து பேராக்கில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை செய்கிறேன். என் பள்ளியில் பிள்ளைகள் 30-க்கும் குறைவு, அதனால் இணைந்த வகுப்பு. ஒரே அறையில் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும். பலகையில் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் பின்னம். கல்லூரியில் இதை யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை.

முதல் இரண்டு வருஷம் ஒவ்வொரு தடவையும் மாற்றல் விண்ணப்பம் போட்டேன். சொந்த ஊர் என்று மட்டும் காரணம் இல்லை. அப்போது இருந்த குரு பெசார் வருஷத்துக்கு இரண்டு முறை பின்னால் வந்து உட்காருவார், பாரத்தில் டிக் அடிப்பார், போய்விடுவார். முதல் நாளே சொல்லிவிடுவார், நாங்களும் அந்தப் பாடத்தை முன்பே ஒத்திகை பார்த்து வைப்போம், பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் யார் கை தூக்க வேண்டும் என்று. மார்க் நன்றாகவே வரும். அடுத்த நாள் பழைய கதைதான்.

வகுப்புசார் மதிப்பீட்டில் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை உண்டல்லவா. நான் உண்மையாக ஐந்து பிள்ளைகளுக்கு 1, 2 என்று போட்டேன். கூப்பிட்டு, "ஏன் டீச்சர் பள்ளி பேரைக் கெடுக்கிறீங்க?" என்றார். அடுத்த தடவை எல்லாருக்கும் 3, 4. காகிதத்தில் எல்லாப் பிள்ளையும் தேறிவிட்டது. பெற்றோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

இப்போது இருக்கும் தலைமையாசிரியர் சொல்லாமல் வருவார், பதினைந்து நிமிஷம் இருப்பார், பாரம் கிடையாது. முடிந்ததும் ஒன்றே ஒன்று சொல்வார். போன மாதம் சொன்னது: "மூன்றாம் ஆண்டுக்குப் பேசும்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைங்க கையில வேலை இல்ல. அதை மட்டும் பாருங்க." பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு அவரே ஒரு பாடம் எடுத்தார், என்னைப் பின்னால் உட்கார்ந்து அவரைக் கவனிக்கச் சொன்னார். அவருக்கும் அன்று சொதப்பியது! இரண்டு பேரும் சிரித்தோம். நான் பிள்ளை உண்டாகி பரிசோதனைக்கு கிளினிக் போன நாட்களில் என் வகுப்பை அவரே எடுத்தார்.

இந்த வருஷம் மாற்றல் விண்ணப்பம் போடவில்லை. அம்மாவுக்குத்தான் கோபம்.

#8 டவுன்பக்கம்

எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 27 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு? தலா மானியம் பிள்ளைக் கணக்குக்குத்தான் வருகிறது, அந்தக் காசில் என்ன வாங்க முடியும்? காற்பந்துக்கு ஆள் சேராது, பேச்சுப் போட்டிக்குப் போட்டியே இருக்காது. நாலு சின்னப் பள்ளியைச் சேர்த்து டவுனில் ஒன்றாக்கி, இருப்பதில் நல்ல தலைமையாசிரியரைப் போட்டால் போதும். இல்லாவிட்டால் நல்லவர் வருவார் என்று நாலு பள்ளியும் லாட்டரிச் சீட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். என் பிள்ளைகள் டவுன் பள்ளியில் படிக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

#9 மூவர்_அம்மா

டவுன் பள்ளியில வகுப்புக்கு 35 பேருங்க. என் ரெண்டாவது பையன் அங்கதான் இருக்கான். ரெண்டு வருஷமா டீச்சருக்கு அவன் குரல் தெரியாது.

#10 பழைய_ஜிபிகே

டவுன்பக்கம் சொல்வதைச் சும்மா தள்ள முடியாது. பிள்ளை இல்லாத இடத்திலிருந்து பள்ளி உரிமத்தை மக்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றியதால் பிழைத்த தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆனால் 'மூடிச் சேர்ப்பது' என்றதும் நம்மவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மெர்டேக்கா (சுதந்திர) ஆண்டான 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் என்பது எல்லா மேடையிலும் கேட்கும் எண். இன்று 520-க்குச் சற்று மேல். எண்ணிக்கை குறைந்தாலும் தரம் கூடும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். மூடப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அடுத்த தமிழ்ப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்களா? பேருந்து இல்லாத இடத்தில் தாய் தகப்பன் அருகில் எது இருக்கிறதோ அதில் போட்டுவிடுவார்கள்.

'நிர்வாகம்' என்ற சொல்லுக்கே நம் பள்ளிகளில் ஒரு பழைய வாடை உண்டு. 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. வைத்தார்கள். கொட்டகையில் வைத்தார்கள். பாடம் சொன்னவர் பல இடங்களில் கங்காணி, அல்லது கணக்கு எழுதும் கிராணி. பள்ளியின் நிர்வாகி தோட்டத் துரை. அவருக்குப் பிள்ளை படித்ததா என்பதைவிடச் சட்டத்துக்குப் பள்ளி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நூறு வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியின் நிழல் நம் கோப்புகளில் கிடக்கிறது. பார்வைக்கு அதிகாரி வந்தால் முதலில் கேட்பது கோப்பு.

நியமன விஷயம். முன்பு பணி மூப்புதான் வழி. யாருக்கு வரிசை வந்ததோ அவர். அதனால்தான் ஓய்வுக்கு ஒன்றரை வருஷம், ஒரு வருஷம் இருக்கும்போது தலைமைப் பதவி கிடைத்தது. 60 வயதில் ஓய்வு. வந்தவர் பள்ளியைப் புரிந்துகொள்ளும்போது பிரியாவிடை விருந்து. அதிலும் பெரிய பள்ளிகள் போக மிச்சம்தான் தோட்டப் பள்ளிக்கு. மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-2025 இதை மாற்ற வேண்டும் என்று சொன்னது: ஒவ்வொரு பள்ளிக்கும் திறமிக்க தலைவர், தேர்வு திறமையை வைத்து. கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகத்தில் என்.பி.கியூ.இ.எல். தலைமைத்துவப் பயிற்சி முடித்தவர்களுக்கே பதவி என்ற நடைமுறையும் வந்தது. நல்ல முயற்சி. ஆனால் பயிற்சி முடித்த இளையவர் தோட்டத்துக்கு வந்தால் இரண்டே வருஷத்தில் பெரிய பள்ளி அவரைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. முன்பு அந்தி நேரத்தில் வந்தார்கள், இப்போது விடியலில் வந்து காலை உணவுக்கு முன் கிளம்பிவிடுகிறார்கள்.

#11 லோரி_அண்ணன்

சார், அந்தக் கடைசி வரியை என் லோரி பின்னாடி எழுதிக்கவா?

#12 வாரியத்தான்

ஜிபிகே சார் சொன்ன இடத்தில்தான் எங்களுக்கும் வலி. தாழ்ப்பாள் கேட்ட தலைமையாசிரியர் மூன்றாம் வருஷம் மாற்றலாகிப் போனார். அவர் ஆரம்பித்த வாசிப்பு நேரம் நாலு மாதம் ஓடியது, அப்புறம் நின்றது. 'ஏன்?' என்று ஒரு டீச்சரைக் கேட்டேன். "அது சார் இருந்தப்ப செஞ்சது ஐயா" என்றார். அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் தானே செய்தார். ஒருவரையும் பழக்கிவிட்டுப் போகவில்லை. எங்களுக்கும் எதைக் காப்பாற்றிக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. வாரியக் கூட்டக் குறிப்பில் கூரை, வேலி, விளையாட்டுப் போட்டி எல்லாம் இருக்கும், 'எத்தனை பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்' என்று ஒரு வரி எட்டு வருஷத்தில் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வியாக அதைத்தான் போட்டிருக்கிறேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. போடுகிறேன்.

#13 கெடா_டீச்சர்

கித்தாக்காட்டான் அண்ணா, நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அம்மா ஒரு நாள் பி.பி.டி. (மாவட்டக் கல்வி அலுவலகம்) கூட்டத்துக்கு வெளியே போயிருக்கும்போது போங்கள். அன்றைக்கும் காலை வாசிப்பு நடக்கிறதா? நடந்தால் பயப்படாமல் சின்னவனைப் போடலாம்.

#14 கித்தாக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. டவுன்பக்கம், உங்களுக்கும்தான். வீட்டுக்காரி உங்கள் பதிவைக் காட்டி ஒரு மணி நேரம் வாதாடினாள்.

டீச்சர் சொன்ன மாதிரியே செய்தேன். வியாழக்கிழமை அம்மா கூட்டத்துக்குப் போயிருந்தார். மகளின் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டோம் என்று பொய்க் காரணத்தோடு 7.35-க்குப் போனேன். சபைகூடல் முடிந்திருந்தது. பிள்ளைகள் ஐந்தாறு பேராகப் பிரிந்து நடைக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எடுக்கும் அந்தப் பின்தங்கிய குழுவை ஓர் இளம் ஆசிரியர் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது நாலு பேர்தான். என் மகள் அதில் இல்லை, பக்கத்துக் குழுவில் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தெரியாத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் மணிலா அட்டையையும் பார்த்தேன். நான் நினைத்தது போல அம்மாவின் கையெழுத்து இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு கையெழுத்து. அந்த இளம் ஆசிரியரிடம் கேட்டேன், "அம்மாதான் எழுதுவாங்கன்னு நெனச்சேன்." "முதல் மாசம் அவங்க எழுதினாங்க சார். அப்புறம் மார்க்கர் பேனாவை எங்ககிட்ட குடுத்துட்டாங்க" என்றார். வியாழக்கிழமை மதியம் எல்லாரும் உட்கார்ந்து அட்டையைத் திருத்துவார்களாம். அந்தக் கூட்டத்தை நடத்துவதும் முறை வைத்துத்தான்.

அம்மாவுக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அதற்குள் மாற்றல் வந்தாலும் வரலாம். சின்னவனுக்குப் பதிவு போட்டுவிட்டேன். வீட்டுக்காரி முதல் வருஷம் பார்ப்போம் என்றிருக்கிறாள், அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

#15 லோரி_அண்ணன்

வேன் இருக்கா? மலிவு வீட்டுல என் தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் அடுத்த வருஷம் ஏழு.

#16 கித்தாக்காட்டான்

இருக்கு அண்ணே. காலையில 6.40, சீனன் கடை முச்சந்தி. தங்கச்சியை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. பதிவுக்குப் பிறப்புப் பத்திரமும் தண்ணி பில்லும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நானே அழைச்சிட்டுப் போறேன்.